மூன்று எண்ணும் வரை

ஸெய்னுலாப்தீன் மாஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவருடைய வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் அரை மைல் தூரம். அந்த அரை மைலுக்குள் எதிர்ப்படும் எவரையும் ஒரு மனக்கணக்குக் கேட்காமல் அவர் விடமாட்டார். "மணிக்குப் பதினெட்டு மைல் ஓடுற பஸ்ஸு, நாப்பது நிமிஷத்துல எத்தன மைல் ஓடும்?" என்று கேட்டுவிட்டுக் குடையின் நுனியால் தரையில் மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டுக்குள் விடை வந்துவிட வேண்டும். பால் கொண்டுபோகிறவர், "பஸ்ஸு பழுதாகி நிக்குது மாஸ்டர்" என்று சிரித்துத் தப்பித்துக்கொள்வார். விறகு வெட்டுகிறவர் கோடரியைக் காட்டி, "இதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க" என்பார். பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே அவர்கள் பாதையை விட்டிறங்கிக் கொக்கோ மரங்களுக்குள்ளே புகுந்து, பனியில் முழங்கால்வரை நனைந்துகொண்டு, சுற்றுவழியாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வார்கள்.

மாத்தளைப் பட்டினத்திலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த அந்த முஸ்லிம் கிராமத்தில், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டில், ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. வகுப்பறைக்குள் மாஸ்டர் குடையை ஆணியில் மாட்டிவிடுவார். அங்கே முதல் இரண்டு தட்டுகளும் பாதத்தால் விழும். மூன்றாவது, பிள்ளையின் இடது கன்னத்துக்கும் காதுக்கும் நடுவே கையால் விழும்.

அவர் கொடியவர் அல்லர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அஸர் தொழுகை நேரம் வரை தாமாகவே மேலதிக வகுப்பு வைத்துப் படிப்பிப்பார். அதற்காக எவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்தி மத்திய கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் பெயர்களைத் தம் கையாலேயே ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். பத்து ஆண்டுகளில் ஏழு பெயர்கள். ஏழும் ஆண்பிள்ளைகளின் பெயர்கள்.

ஊராரும் அவருடைய கையைக் குறை சொன்னதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் தகப்பன்மார் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தி, "கண்ணு ரெண்டயும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஒங்களுக்குத்தான் சேர்" என்று சொல்லி ஒப்படைப்பார்கள். அது அவ்வூர் வழக்கம். கண்ணை மறவாமல் விலக்கிவைத்த அந்த மனிதர்கள், காதைப் பற்றி எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் றம்லா என்றொரு சிறுமி இருந்தாள். மெலிந்த பிள்ளை, கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். ஆனால் மாஸ்டர் கேள்வியை முடிக்கும்போதே விடை அவளுடைய உதட்டில் வந்து நிற்கும். இரண்டாவது தட்டை அவளுக்காக அவர் தட்டியதே இல்லை. அந்தப் பலகையில் ஏறப்போகும் முதற் பெண் பெயர் இதுதான் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். அவளுடைய தகப்பன் புஹாரி பட்டினத்துக் கடைவீதியில் தையல் மிஷின் போட்டிருந்தார். மாஸ்டர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

"புஹாரி, றம்லாட பேரப் பரீட்சைக்குப் போட்டிருக்கேன்."

"பொம்புளப் புள்ள சேர். அஞ்சு போதாதா? காயிதம் வாசிக்கத் தெரியும், ஓதவும் தெரியும்."

"பாஸ் பண்ணினா மத்திய கல்லூரி ஹொஸ்டல்ல வெச்சிப் படிப்பிப்பாங்க. பொம்புளப் புள்ளைகளுக்கு வேற ஹொஸ்டல், சுத்திவர மதில். நானே கூட்டிக்கிட்டுப் போய் விடுறேன்."

புஹாரியின் கால் மிதிப்பதை நிறுத்தியது. "ஏன்ட கூடப்பொறந்த காக்காமாரத் தெரியாதா ஒங்களுக்கு? மூத்தவர் இப்பவே, வயசு பத்தாகுது, எப்ப வெளிய விடாம வீட்டோட மறிப்பன்னு கேக்குறாரு." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சரி. கவர்மென்ட் காயிதம் வந்தா அனுப்புறேன். அதக் காட்டி எல்லார்ட வாயையும் அடைக்கலாம். வராட்டி என்னோட தையலுக்கு ஒக்கார வெச்சிடுவேன். பேச்சு மாறக் கூடாது."

"மாறாது."

"அப்ப நல்லா அடிச்சிப் படிப்பிங்க. நாங்க கேக்க வரமாட்டோம்."

அன்று முதல் அந்தப் பரீட்சை மாஸ்டருக்கு வெறும் பரீட்சையாக இருக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் வாழ்வில் ஒரே ஒரு முறை திறக்கும் கதவாக அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கதவு பெரிதாகத் தெரியத் தெரிய, அவருடைய கையும் கனத்துக்கொண்டே போனது.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் பாடசாலையைப் பார்வையிட வித்தியாதரிசி வந்தார். பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பலகையை நிமிர்ந்து பார்த்து, "போன வருஷமும் ஒருத்தருமில்ல, அதுக்கு முந்தின வருஷமுமில்ல. இது பள்ளிக்கூடமா, மாடறுக்கிற மடுவமா மாஸ்டர்?" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. மாலை மேலதிக வகுப்பில் முதற் கேள்வியை றம்லாவிடம் கேட்டார். அவளுக்கு அன்று மூக்கொழுகும் தடிமனும் காய்ச்சலும். விடை உதட்டுக்கு வரச் சற்றுத் தாமதித்தது. பாதம் ஒருமுறை தட்டியது. இரண்டாம் முறையும் தட்டியது. பின்பு கை இறங்கியது.

அது கோபத்தில் விழுந்த அடி அன்று. அச்சத்தில் விழுந்த அடி. அச்சத்தில் விழும் அடிக்கு அளவு தெரிவதில்லை. வாப்பா சீலையைக் கிழிக்கும்போது எழுகிற அந்தச் சத்தம் தன் தலைக்குள்ளே எழுந்ததை றம்லா கேட்டாள். பிறகு இடது பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டே, "எழுபத்தி ரெண்டு சேர்" என்றாள். விடை சரி. மாஸ்டருக்குத் திருப்தி. அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

வீட்டில் அவளுடைய உம்மா மஸூதா, பிள்ளை தலையணையில் இடப்பக்கம் சாய மறுப்பதைக் கண்டு விசாரித்தாள். சேர் அடித்தார் என்று தெரிந்ததும் அவளுக்கு மனம் ஆறிவிட்டது. "ஓதிக் கொடுத்தவங்க அடிச்ச எடத்த நரகத்து நெருப்பு தொடாது மகள். நல்லதுக்குத்தான்" என்றாள். பெரியவர்கள் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளிப்பூண்டைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, இளஞ்சூட்டோடு அந்தக் காதுக்குள் மூன்று நாள் ஊற்றினாள். கிழிந்த செவிப்பறை அந்த எண்ணெயில் ஊறிச் சீழ்ப்பிடித்தது. சீழும் ஒருநாள் வற்றியது. வற்றியபோது கேட்கும் சக்தியையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

வகுப்பில் மாஸ்டர் முன்னால் நின்று கேள்விகளை வாசிப்பார். பிள்ளைகள் கொப்பியில் விடையை மட்டும் எழுதவேண்டும். றம்லா வலது காதை அவர் பக்கம் கொடுப்பதற்காக முகத்தை இடப்பக்கம் திருப்பத் தொடங்கினாள். அங்கே பக்கத்தில் இருந்தவள் ஸரீனா. அவளுடைய கொப்பியின் மேல் றம்லாவின் பார்வை விழுந்தது. மாஸ்டர் ஒரு நாள் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் பிரம்பை எடுத்தார்.

"பாத்தா எழுதுறாய்?"

"இல்ல சேர்."

"பொய்யும் பேசுறாய். மூள ஈக்கிற புள்ளைக்கு இந்தக் களவு எதுக்கு? கள்ளி."

நான்கு அடி. நான்கையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு கொப்பிகளையும் அவர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், ஸரீனா பிழைவிட்ட இடங்களிலெல்லாம் றம்லா சரியாக எழுதியிருந்ததைக் கண்டிருப்பார். தம் கண்ணால் கண்டதற்கு மேலே ஒரு சாட்சி தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. றம்லாவை எழுப்பி, கடைசி வாங்கில், வலப்பக்கச் சுவரோரம் தனியே உட்காரவைத்தார். கேட்கிற காது சுவருக்கு; கேட்காத காது அவருக்கு. விடைகள் குறைந்தன. குறையக் குறைய அடி கூடியது. விளையாடும் நேரத்தில், "கள்ளி வாறா, கொப்பிய மூடு" என்று ஒரு பெடியன் சொல்லிவைக்க, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேட்கவில்லை என்று றம்லா ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், "காதுல என்ன பஞ்சா?" என்று இன்னும் ஒன்று விழும் என்பதே அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்து ஆண்டுகளாக அவள் கற்ற பாடம்.

பரீட்சை பட்டினத்தில் நடந்தது. மனக்கணக்கு வினாக்கள் இருபதையும் ஒருவர் மண்டபத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு தரம் மட்டுமே வாசித்தார். முகத்தைத் திருப்பினால் இங்கேயும் கள்ளி என்பார்களென்று றம்லா நேரே பார்த்தபடியே இருந்தாள். பெறுபேறு வந்தது. சித்தியெய்தியவர் எவருமில்லை. றம்லாவின் பெயருக்கு நேரே இருந்த புள்ளிகளை மாஸ்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார். எழுதுகிற கணக்கில் அவளுக்குத்தான் எல்லாரையும்விடக் கூடுதல். மனக்கணக்கில் இருபதுக்கு நான்கு. அவளுக்கா, மனக்கணக்கிலா? வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று கொதித்துப்போய், குடையை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்கு நடந்தார்.

புஹாரி சொன்ன சொல்லை அதற்குள் நிறைவேற்றியிருந்தார். முன்கூடத்தில் பழைய மிஷின் ஒன்று வந்திருந்தது. றம்லா அதன் முன்னே உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். வாசல் அவளுக்கு இடப்பக்கம்.

"றம்லா."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"றம்லா."

அவள் திரும்பவில்லை. குடையின் நுனி தரையில் தானாகவே ஒருமுறை தட்டிற்று; இன்னொருமுறை தட்டிற்று. மாஸ்டர் உள்ளே அடியெடுத்து வைத்தார். கை உயர்ந்தது.

"அந்தப் பக்கம் நின்னு கூப்புட்டா அவவுக்குக் கேக்காது சேர்" என்றாள் அடுப்படி வாசலில் வந்து நின்ற மஸூதா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. "இந்தப் பக்கமா வாங்க."

உயர்ந்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "எப்பருந்து?" என்றார்.

"நோம்புக்கு முந்தி. நீங்க ஒரு நாள் தட்டினீங்களாம், கணக்குக்கு. நானும் எண்ண காச்சி ஊத்தினேன். சேர் அடிச்ச எடம்தானேன்னு பேசாம ஈந்துட்டேன்." அவளுடைய குரலில் ஒரு துளி குற்றச்சாட்டும் இல்லை. "ஒக்காருங்க சேர், தேத்தண்ணி ஊத்துறேன்."

அவள் ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தத் தேநீரைத்தான் அவரால் குடிக்க முடியவில்லை.

மறுவாரம் புஹாரியையும் றம்லாவையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் ரயிலில் கண்டிக்குப் போனார். காது வைத்தியர் நீண்ட நேரம் விளக்கடித்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் இனித் திரும்பாது. மத்தக் காதக் கவனமாப் பாத்துக்கங்க. எண்ணெ ஊத்தினது பிழை. ஆனா எண்ணெக்கு முந்தி யாரோ பலமா அறைஞ்சிருக்காங்க. யாரு?" என்று தகப்பனைப் பார்த்தார்.

புஹாரி தலையைக் குனிந்துகொண்டார். "படியில விழுந்துட்டா டொக்டர்."

பக்கத்தில் நின்ற மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கதை உண்டு. காட்டில் ஒரு கரடி தலைமை நடத்தியதாம். வேடன் வரும் அரவத்தை முதலில் கேட்டுச் சொல்லும் பொறுப்பை ஒரு மான்குட்டியிடம் விட்டிருந்தது. அவ்வளவு கூர்மையான காது அதற்கு. இன்னும் கொஞ்சம் முந்திச் சொன்னால் என்ன என்பது கரடியின் ஆசை. தாமதித்த போதெல்லாம் காதோரம் ஓர் அறை. ஒரு நாள் மான்குட்டி ஒன்றுமே சொல்லவில்லை. அதற்காகவும் ஓர் அறை கொடுத்துவிட்டுக் கரடி திரும்பியபோது, வேடன் பின்னால் நின்றான். மானுக்குக் கவனம் போதாது என்று எண்ணிக்கொண்டே அந்தக் கரடி செத்ததாம். ஸெய்னுலாப்தீன் மாஸ்டருக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. கண்டியிலிருந்து மாத்தளை வரை சன்னலோரத்தில் உட்கார்ந்து, தாம் யார் என்பதைத் தெரிந்துகொண்டே வந்தார்.

அவர் கல்விப் பகுதிக்குக் கடிதம் எழுதினார். பிள்ளையின் தோல்விக்குத் தாமே காரணம் என்றும், என்ன செய்தார் என்றும் ஒளிக்காமல் எழுதி, அவளுக்கு இன்னொரு தடவை பரீட்சை எழுத இடம் கேட்டார். இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரு பிள்ளை இரண்டாம் முறை பரீட்சை எழுதுவதற்கு விதியில்லை. அவருடைய குற்றத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது ஒரு பொருட்டாகவே எவருக்கும் படவில்லை.

அந்தப் பதிலோடு புஹாரியின் வீட்டுக்குப் போனார்; முன்கூடத்தில் றம்லா தைத்துக்கொண்டிருந்தாள். "நான் வீட்டுக்கு வந்து படிப்பிக்கிறேன். வேற பள்ளிக்கூடத்துல சேக்கலாம், பட்டினத்துல..."

"பேச்சு மாறக் கூடாதுன்னுதானே சேர் பேசினோம்" என்றார் புஹாரி மெதுவாக. "பரீட்சையும் போச்சி, காதும் போச்சி. இன்னும் என்னத்தச் சொல்லி அவவ வெளியே அனுப்ப? காக்காமார்ட மொகத்தப் பாத்து என்னால பேச ஏலாது."

மாஸ்டர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "அப்ப நான் அவகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்றார். "அல்லாஹ்வுக்குச் செஞ்ச பிழைய அல்லாஹ் மன்னிப்பான் புஹாரி. இவவுக்குச் செஞ்சத இவதான் மன்னிக்கணும்."

"சின்னப் புள்ளக்கிட்டயா மாப்புக் கேக்கப் போறீங்க? விடுங்க சேர், ஊர் சிரிக்கும்."

அவர் விடவில்லை. மிஷினைச் சுற்றிப் போய் வலப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "மகள், நீ களவெடுக்கல்ல. நான் அடிச்சது பிழை. என்ன மன்னிச்சிக்க."

றம்லா துணியைப் பார்த்தபடியே இருந்தாள். ஊசிக்குக் கீழே அதை நேராக்கிக்கொண்டாள். பிறகு, "அத வகுப்புல சொல்லுவீங்களா சேர்?" என்று கேட்டாள். "நான் கள்ளி இல்லன்னு."

பரீட்சை போனது பற்றி அவள் கேட்கவில்லை. காதைப் பற்றியும் கேட்கவில்லை. பத்து வயதில் அவளை மிகவும் வருத்தியது அந்த ஒரு சொல்தான்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்ததால் தகப்பன்மார் பத்துப் பன்னிரண்டு பேரும் மதிலோரம் வந்து நின்றார்கள். புஹாரி அந்த ஒரு காலைக்கு மட்டும் றம்லாவைக் கூட்டிவந்திருந்தார். அவளுடைய உயரத்துக்குச் சற்றுப் பெரிதான புதுச் சட்டை, அவளே தைத்தது. மாஸ்டர் அவளைத் தம் அருகில் நிறுத்திப் பேசத் தொடங்கினார். குரல் அவருக்கே கேட்காத அளவு தாழ்ந்திருந்தது. இரண்டு வாக்கியங்கள் போயிருக்கும்.

"எனக்குக் கேக்கல்ல சேர்" என்றாள் றம்லா.

அந்த முற்றத்தில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவளுடைய இடப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவளைச் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றார். முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மதிலோரம் வரை கேட்டது.

"றம்லா பாத்து எழுதல்ல. காது கேக்காமத் திரும்பினா. அந்தக் காதக் கெடுத்தது நான். கெட்ட காதுக்காகப் பிரம்பெடுத்ததும் நான். கள்ளின்னு பேர் வெச்சதும் நான். கண்டியில டொக்டர் யாரு அடிச்சதுன்னு கேட்டப்ப ஊமையா நின்டதும் நான்தான். அந்தப் பேர இனி யாராவது சொல்றதா ஈந்தா எனக்குச் சொல்லுங்க, அது எனக்குரிய பேர்." அவர் மூச்சு வாங்கினார். மதிலோரம் நின்றவர்களைப் பார்த்தார். "அடிச்சாத்தான் படிப்பு ஏறும்னு நீங்களும் நம்பினீங்க, நானும் நம்பினேன். இருவத்தஞ்சு வருஷமா அடிச்சி நான் படிப்பிச்சது ஒண்ணே ஒண்ணுதான்: வலிச்சாலும் சொல்லாத, வெளங்காட்டியும் கேக்காத. கேக்கல்லன்னு சொல்லப் பயப்படுற புள்ளைக்கி எந்தப் பாடமும் கேக்காது. இத நான் படிச்சிக்கிறதுக்கு ஒரு புள்ளட வாழ்க்க போச்சி. நீங்க சும்மாவே படிச்சிக்கங்க."

பிறகு அவர் றம்லாவின் பக்கம் குனிந்தார். "இப்பக் கேட்டுச்சா மகள்?"

"கேட்டுச்சி சேர்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புகளுக்குள் போனார்கள். கடைசி வாங்கில் சுவரோரமிருந்த அவளுடைய இடத்துக்கு அவள் போகவில்லை. புஹாரி அவளுடைய வலக்கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார்.